தாராளமா

பதினோரு மணிக்கு வருகிறோம் என்று சொன்ன பார்ட்டி பதினோரு மணிக்கே வந்து நின்றதாகச் சாந்தாமணியின் மூன்று வருட அனுபவத்தில் இல்லை. ஆனாலும் பத்தரைக்கே வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். பூட்டிக் கிடந்த வீட்டைப் பூட்டிக் கிடந்த வாசத்தோடு காட்டக் கூடாது. முதலில் ஜன்னல்கள், அதிலும் மேற்கு ஜன்னல், கோயமுத்தூர்க் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். குழாய்களை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் துருத் தண்ணீரைப் போக்க வேண்டும், பகலானாலும் எல்லா லைட்டையும் போட்டு வைக்க வேண்டும், சமையல் மேடைக்கு ஈரத்துணியால் ஒரு இழுப்பு, கடைசியில் கொஞ்சம் சாம்பிராணி, அதுவும் சாம்பிராணி போட்டிருக்கிறாள் என்று வருகிறவர்களுக்குத் தெரியாத அளவுக்கு. இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை, வீடு வீடாகக் கோட்டைவிட்டுக் கற்றுக்கொண்டது. இப்போது கை தானாகச் செய்துகொண்டு போகிறது, மனசுக்கு வேலையே இல்லை, அதுதான் கஷ்டம். மனசு சும்மா இருந்தால் மாடிக்குப் போய்விடுகிறது. சாவிக்கொத்தில் மூன்று சாவிகள், ஒன்று கேட்டுக்கு, ஒன்று வாசக்கதவுக்கு, நீல பிளாஸ்டிக் கட்டிய மூன்றாவது மொட்டை மாடிக் கதவுக்கு. மூன்றாவதை அவள் இன்றுவரை எந்தப் பூட்டிலும் நுழைத்ததில்லை. கொத்தைக் கையில் பிடித்தாலே விரல் அதைத் தவிர்த்துவிட்டு மற்ற இரண்டையும் தேடுகிறது, விரலுக்குக்கூடத் தெரிந்துபோயிருக்கிறது.

இன்றைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு இல்லை, கிரயத்துக்கு. மூன்று வருடமாக வாடகை வீடுகளையே காட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது முதல் கிரயம். பேங்கில் வேலை பார்க்கும் சிவநேசன், அவர் மனைவி அகிலா, ஏற்கெனவே ஒரு தடவை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பிடித்திருக்கிறது என்பது சிவநேசன் போனில் பேசும்போது இழுக்கும் இழுப்பிலேயே தெரிகிறது. ஆடி பிறக்க ஆறு நாள்தான் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் இந்த ஊரில் யாரும் வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டார்கள், ஒரு மாதம் கழித்து மனசு எப்படி இருக்குமோ யார் கண்டது. ஓனர் ஓசூரில் இருக்கிறார், நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டார். "கரண்டுக் கம்பிக்கெல்லாம் முழுசா பைப் மாட்டியாச்சுங், சுத்தமா சரி பண்ணியாச்சு. நடந்ததயெல்லாம் பேசிட்டிருக்காதீங், வீட்டுக்குக் கெட்ட பேரு." சரிங் என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தனக்குத்தானே ஒரு பேரம் பேசிக்கொண்டாள், வீடு பேசிப் பேசி மனசோடும் பேரம் பேசும் பழக்கம் வந்துவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவது. இதற்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள், மாடி எப்படி, எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது. கேட்காவிட்டால் வாயைத் திறப்பதில்லை. இந்தப் பேரம் நியாயமானதுதானா என்று காலையில் பல் விளக்கும்போது யோசித்தாள், பேஸ்ட் நுரை கையில் வழிகிறவரை யோசித்தாள், நியாயம்தான் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததை இங்கே வந்து மூன்று தடவை மறுபடியும் முடிவு செய்தாகிவிட்டது.

ஹாலில் உட்கார நாற்காலி இல்லை, ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டாள். படுக்கையறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன, ஒரு குழந்தையின் உயரம், தை, பங்குனி, ஆனி என்று எழுதியிருக்கும், ஆனிக்கு மேல் கோடு இல்லை. போன முறையே அழித்திருக்க வேண்டும். துணியை நனைத்துக்கொண்டு போனாள், நிலைக்கு முன்னால் நின்றாள், திரும்பி வந்து சமையல் மேடையை இரண்டாவது தடவை துடைத்தாள். ஆரம்பத்தில் அவளுக்கு இந்தத் தொழிலில் வாயே வரவில்லை. பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கம்பெனியில் பத்து வருடம் தலை குனிந்து வேலை பார்த்தவள், கம்பெனியை மூடிய பிறகு தெரிந்தவர் ஒருவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கப்போய், அதுவே தொழிலாகிவிட்டது. கிழக்குப் பார்த்த வீடுங்களா என்று கேட்டால் சூரியனைத் தேடி வானத்தைப் பார்ப்பாள். போர் எத்தனை அடிங் என்றால், கேட்டுச் சொல்றேனுங். பஸ் ஸ்டாப் கிட்டவா என்றால், பாத்துட்டுச் சொல்றேனுங். அவள் கேட்டுச் சொல்வதற்குள் பார்ட்டி வேறு தெருவில் பால் காய்ச்சியிருக்கும். கணபதி பக்கம் வீடு காட்டும் ரங்கராஜு, அவனும் புரோக்கர்தான், அவள் வயசுதான் இருக்கும், டீக்கடையில் வைத்து ஒருநாள் சிரித்தான். "ஏனுங்க்கா, நீங்க வீடு காட்டறீங்களா, பரீச்ச எழுதறீங்களா? அவங்க கேக்கறது பதிலில்லீங், தெகிரியம். நீங்க யோசிச்சா அவங்களும் யோசிக்க ஆரம்பிச்சுருவாங்." அவனிடமிருந்துதான் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டாள். கார் நிக்குமா, தாராளமா. காத்து வருமா, தாராளமா. வடவள்ளியில் ஒரு ஒற்றை ரூம், கட்டில் போட்டால் பீரோ வைக்க இடமிருக்குமா என்று கேட்டார்கள், பீரோவின் அகலமும் தெரியாது ரூமின் அகலமும் தெரியாது, தாராளமாங் என்றாள், அந்த ஒரு வார்த்தையில் அந்த ரூமே இரண்டடி அகன்றது. அன்றைக்கே முடிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், காலேஜுக்குப் போகும் மகள் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டினாள், இன்னொரு தோச வேணுமாம்மா, தாராளமா, லைட்ட அணைக்கட்டுமா, தாராளமா. சிரித்தார்கள். உண்மையில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. நாற்பத்திரண்டு வயசில் ஒருத்திக்குத் தைரியம் வருவதென்றால் சும்மாவா, தோள் நிமிர்ந்தது, செருப்புச் சத்தம்கூட மாறியது, விசிட்டிங் கார்டு அடித்தாள்.

அந்தத் தோள் நிமிர்ந்த நாட்களில்தான் இந்த வீட்டையும் காட்டினாள், போன வருசம் தையில், பொங்கல் கழிந்து நாலாம் நாள். தாமோதரன் என்று ஒருவர், லேத்துப் பட்டறை வேலை, அவர் மனைவி, எட்டு வயசில் ஒரு பெண் குழந்தை. குழந்தை ஒவ்வொரு ரூமாக ஓடி சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. தாமோதரன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி, அந்தப் பொண்ணு, மஞ்சள் சுடிதார், பேர், பேர் கிடக்கட்டும், வெளிப் படிக்கட்டின் கீழே நின்று கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கேட்டது, "மாடீல துணி காயப்போட எடமிருக்குங்களா, எங்களுக்கு ஈரத்துணி எச்சா வரும், இவ யூனிபாரம் தெனமும் தொவைக்கணும்." மாடிச் சாவி அன்றைக்குக் கொத்தில் இல்லை, ஓனர் அனுப்ப மறந்திருந்தார். சாந்தாமணி மாடியைப் பார்த்ததே இல்லை. பாத்துட்டுச் சொல்றேனுங் என்பது தொண்டைவரை வந்தது, வந்ததை அவளே விழுங்கினாள், விழுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "தாராளமாங். எட்டுப் பேர் துணி காயப்போடலாம்." எட்டுப் பேர் எங்கிருந்து வந்தார்கள். ஆறு என்று சொல்லியிருக்கலாம், பத்து என்று சொல்லியிருக்கலாம். எட்டு என்று திட்டமாகச் சொன்னால்தான் பார்த்துவிட்டுச் சொல்வது மாதிரி இருக்கும், அதுவும் தொழில்தான். அந்தப் பொண்ணு சிரித்தது. "எட்டுப் பேருக்கு நா எங்கீங் போறது." அப்புறம், "சாவி வந்தாப் பாத்துக்கலாம், நீங்க சொன்னாச் செரிங்" என்றது.

நீங்க சொன்னாச் செரி. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை, அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது, அங்கே வந்துதான் மனசு முள்ளில் மாட்டிய துணியாக நின்றுவிடுகிறது. அவர்கள் வண்டியில் ஏறிப் போனதும் கேட்டைப் பூட்டினாள். பூட்டும்போது தலையைத் தூக்கி மேலே பார்த்தாளா இல்லையா. பார்த்தாள் என்று சில நாள் தோன்றுகிறது. ஓனர் மாடித் தளத்தைச் சந்துப் பக்கம் இரண்டடி இழுத்துக் கட்டியிருந்தார், கைப்பிடிச் சுவரும் கரண்டுக் கம்பியும் கீழிருந்து பார்க்கக் கிட்டக் கிட்டத் தெரிந்தன, ஓனரிடம் சொல்லணும் என்று நினைத்தாள், அப்போது போன் அடித்தது, சரவணம்பட்டியில் இன்னொரு பார்ட்டி, எங்கீங் இருக்கீங், வந்துட்டே இருக்கேனுங், வண்டியை எடுத்தாள். இது தெளிவாக இருக்கிறது, போனின் அதிர்வுகூட இடுப்பில் தெரிகிறது. இன்னும் சில நாள், இல்லை, பார்க்கவில்லை, அன்றைக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, குனிந்து அதைத்தான் பார்த்தாள், கம்பியெல்லாம் பிற்பாடு கூட்டத்தில் நின்று பார்த்தது, அதைக் கொண்டுபோய்த் தைக்குள் ஒட்டவைத்துவிட்டாள். பார்க்கவில்லையென்றால் குற்றமில்லையா. ஏன் பார்க்கவில்லை. பத்து வருடம் காயில் கட்டியவள், ஒரு இழை உரிந்தால் என்ன ஆகும் என்று கை விரலுக்குத் தெரிந்தவள், கம்பி பற்றி அவளுக்குத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தாள் என்றால் ஏன் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கதவு, இரண்டும் ஒரே ரூமுக்குள்தான் போகின்றன. மணி பதினொன்றேகால் ஆனது. வந்துட்டே இருக்கோங் என்று சிவநேசன் செய்தி அனுப்பியிருந்தார்.

ஆடி இரண்டாவது வாரம் அது. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும், நூல் சேலை, அந்தப் பொண்ணு பிழியாமல் சொட்டச் சொட்டக் கொண்டுபோயிருக்கிறது, ஆடிக் காற்று தூக்கிக் கம்பியில் போட்டிருக்கிறது, ஈரக் கையோடு இழுத்திருக்கிறது. அவ்வளவுதான். தெருமுனையில் கூட்டத்தோடு கூட்டமாகச் சாந்தாமணி நின்றாள். யாராவது திரும்பி, இவதான், இவதான் இந்த வீட்டக் காட்டினவ என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திரும்பவில்லை. ஓனரைத் திட்டினார்கள், காற்றைத் திட்டினார்கள், நேரம் என்றார்கள். யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை பயம் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு தாமோதரன் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "ஏனுங்க்கா, வேற வீடு ஒண்ணு பாருங். ஆடி போகட்டும், ஆவணி பொறந்தொடனே மாறிக்கறோம். நீங்க பாத்தாத்தான் செரியா இருக்கும்." ஆடியில் வீடு மாறக் கூடாதென்று அந்த மனுசன் அந்த மாடிக்குக் கீழேயே மிச்ச நாளை ஓட்டினார். துடியலூரில் ஒரு கீழ் வீடு பார்த்துக் கொடுத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, காற்று கேட்கவில்லை. குழந்தைதான் கேட்டது, இங்க மாடி இருக்குங்களா அத்தை. இல்ல கண்ணு. குழந்தை சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவிட்சுகளை எண்ணாமல் நின்றது. கமிஷன் வேண்டாங் என்றதும் தாமோதரன் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

மேலே ஏதோ அடித்தது. படபடவென்று, ஈரத்துணி காற்றில் உதறிக்கொள்ளும் சத்தம். நின்றது, மறுபடியும் படபட. சாந்தாமணி ஜன்னல் திண்டிலிருந்து எழுந்தாள். பூட்டிய மாடி, பத்து மாதமாக ஆளில்லாத வீடு, எதிர்வீட்டுத் துணியாக இருக்கும், எதிரே காலி மனை, பின்வீடாக இருக்கும். பயமாக இருந்தது, வெட்டவெளிச்சத்தில், எல்லா லைட்டும் எரிகிற வீட்டில், சாம்பிராணிப் புகைக்கு நடுவில் பயந்துகொண்டு நின்றாள். போனை எடுத்துச் சும்மா தள்ளினாள், கண்ணுக்கு ஒரு வேலை வேண்டும். போனில் எல்லோரும் பார்ட்டிகள்தான், வடவள்ளி ஒத்த ரூம் பார்ட்டி, சரவணம்பட்டி நாய் வளக்கற பார்ட்டி, அதில் ஒன்று டபுள் பெட்ரூம் தை பார்ட்டி. அது அந்தப் பொண்ணின் நம்பர். பால் காய்ச்சிய அன்று அதிலிருந்துதான் போன் வந்தது, அக்கா வாங், பால் ஒரு வாய் குடிச்சுட்டுப் போலாம். போகவில்லை, வேறு வீடு காட்ட இருந்தது. நம்பரை அழிக்கவும் முடியவில்லை, பேரைப் போட்டு மாற்றவும் முடியவில்லை, பேரைப் போட்டுவிட்டால் அது பார்ட்டியாக இருக்காது. படபட. அப்போது வாசலில் கார் நின்றது, அவள் வாழ்க்கையில் எந்தப் பார்ட்டியையும் அத்தனை ஆசையோடு வரவேற்றதில்லை.

காட்டினாள். நன்றாகவே காட்டினாள், அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அனுபவம் என்பது ஆளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதலில் ஹால், பிறகு சமையலறை, பெரிய படுக்கையறையைக் கடைசிக்கு வைப்பது, மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் அகிலாவை நிறுத்தி ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது. அகிலா அதிகம் பேசுகிறவளாக இல்லை, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். கதவு நிலையில் பென்சில் கோட்டைப் பார்த்துக் குனிந்தாள், இதோ கேட்கப்போகிறாள், கேட்டால் சொல்லிவிடுவது, சாந்தாமணி வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். அகிலா ஒன்றும் கேட்கவில்லை, லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்தாள். "ரெண்டு வண்டி நிக்குங்களா?" என்று சிவநேசன் கேட்டார். "தாராளமாங்" என்றது வாய், அவளைக் கேட்காமலே, அதே குரல், அதே இழுப்பு. சிவநேசன் போர் கேட்டார், பட்டா கேட்டார், பக்கத்து மனை யாருடையது என்று கேட்டார், கேட்கத் தெரிந்த மனுசன் எல்லாவற்றையும் கேட்டார், முன்னால் இருந்தவர்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை, மாடி பற்றிக் கேட்கவில்லை. அரை மணியில் முடிந்துவிட்டது. வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள். "புடிச்சிருக்குங்க்கா. ஆடிக்கு முன்னாடியே அட்வான்ஸப் போட்டுக்கலாம், ஓனர்கிட்டப் பேசிருங்." பேரம் அவள் பக்கம் ஜெயித்துவிட்டது. கேட்டால் சொல்வது, கேட்கவில்லை, இனி சரிங் என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டினால் போதும், பூட்டும்போது செருப்பைப் பார்த்துக்கொள்ளலாம். முதல் கிரயம். கேட்டில் கை வைத்தாள். அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றாள். தலையைத் தூக்கினாளா இல்லையா என்பது இனி எத்தனை வருடம் யோசித்தாலும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் சட்டென்று தெரிந்துபோனது. "மாடி பாக்கலீங்களே நீங்க" என்றாள்.

"பரவால்லீங், மாடி தான" என்றார் சிவநேசன். சாந்தாமணி அதற்குள் படியில் இருந்தாள். கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள், அந்த இடத்தில் அன்றைக்கு அந்தப் பொண்ணு ஒரு கையை வைத்திருந்தது. பதினேழு படி. நீலச் சாவி பூட்டுக்குள் போக மாட்டேன் என்றது, திருப்பிப் போட்டதும் திறந்துகொண்டது. மாடியில் ஒன்றுமே இல்லை. சிமெண்டுத் தரை, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெறும் கொடி, அதில் ஒரே ஒரு சிவப்பு கிளிப். படபடவென்று அடிக்க அங்கே ஒரு துண்டுத் துணி இல்லை. பின்னால் சிவநேசனோடு ஏறி வந்த அகிலா சுற்றிப் பார்த்தாள்.

"கீழ இருந்தப்ப துணி ஒதறிக்கற சத்தங் கேட்டுதுங்களே, யாரோ காயப்போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் கொடியைப் பார்த்துவிட்டு, "எடம் தாராளமா இருக்குது, இல்லீங்களா?" என்றாள்.

சாந்தாமணி சந்துப் பக்கம் பார்த்தாள். கம்பிக்கு பைப் மாட்டியிருந்தார்கள். தொட்டிப் பக்கமிருந்து ஆரம்பித்துப் பாதிச் சுவர்வரை போய் பைப் நின்றுவிட்டது. மிச்சக் கம்பி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது, கையை நீட்டினால் எட்டும். முழுசா மாட்டியாச்சுங் என்று ஓனர் சொன்னது காதில் இருந்தது, அவரும் ஏறிப் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைத்தான் சொல்லியிருப்பார், இப்படித்தான் அது வாய்வாயாகப் போகிறது.

"இல்லீங்" என்றாள். "அந்தப் பக்கம் போயிராதீங். பாதிக் கம்பிக்குத்தான் பைப் போட்டிருக்காங். நா காயில் கட்டற வேலையில இருந்தவ, எனக்குத் தெரியும்."

"அதச் சரி பண்ணச் சொல்லிக்கலாங்" என்று ஆரம்பித்தார் சிவநேசன்.

"இருங், சொல்லிர்றேன்." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "போன வருசம் தையில இந்த வீட்டுக்கு ஒரு குடும்பத்தக் கூட்டிட்டு வந்தேனுங். துணி காயப்போட எடமிருக்கான்னு அந்தப் பொண்ணு கீழ படிகிட்ட நின்னு கேட்டுச்சு. நா மேல ஏறிக்கூடப் பாக்கல. தாராளமான்னுட்டேன். ஆடீல, இங்கதானுங், ஈரச் சேலயோட."

சிவநேசன் மனைவியின் தோளைத் தொட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார், வீடு போய்விட்டது, அது தெரிந்தது. அகிலா நகரவில்லை. கொடியில் இருந்த சிவப்பு கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பேரென்னங்?" என்றாள்.

சாந்தாமணி பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். தாராளமா என்று சொல்லப் பழகிய பிறகு எந்தக் கேள்விக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"சுகந்திங்" என்றாள். "எட்டுப் பேர் துணி காயும்னு சொன்னேன். சிரிச்சுச்சுங்."